அப்பமும் நினைவும்: மலையகத்தில் திருவிருந்தின் பொருள்

கிறிஸ்தவ வழிபாட்டின் மையமாக விளங்குவது அப்பத்தையும் திராட்சை இரசத்தையும் பகிரும் சடங்காகும். கத்தோலிக்கர் அதனை நற்கருணை என்றும் திருப்பலி என்றும் வழங்குவர். புரட்டஸ்தாந்தர் திருவிருந்து என்றும் இராப்போசனம் என்றும் வழங்குவர். இச்சொற்கள் அருளையும் பலியையும் விருந்தையும் முதன்மைப்படுத்துகின்றன. இயேசு தம் சீடருக்கு இட்ட கட்டளையின் உயிர்நாடியான நினைவுகூர்தல் என்னும் கருத்து இவற்றுள் எதிலும் வெளிப்படவில்லை. இது வெறும் சொல்லாராய்ச்சி சார்ந்த விடயமன்று. நினைவு பின்தள்ளப்பட்ட விருந்து யாருக்குப் பயன்பட்டது என்னும் வினா, அட்டன், நுவரெலியாப் பகுதித் தோட்டங்களை நோக்குமிடத்துத் தவிர்க்க முடியாததாகின்றது.

புதிய ஏற்பாட்டின் மூலத்தில் நினைவுகூர்தலைக் குறிக்கும் ‘அனம்னேசிஸ்’ என்னும் கிரேக்கச் சொல், கடந்ததை மனத்துள் மீட்டுப் பார்ப்பதை மட்டும் குறிப்பதன்று. கடந்த நிகழ்வை இன்றைய கடமையாக ஏற்பதையும் குறிப்பதாகும். எகிப்தின் அடிமைத்தளையினின்றும் தாமே வெளியேறியதாகக் கருதி யூதர் பாஸ்கா உணவை உண்ணும் மரபே இதன் பின்னணி. கி.பி. முதல் நூற்றாண்டின் நடுப்பகுதியில் கொரிந்து நகரச் சபைக்கு எழுதிய பவுல், வசதியுடையோர் முந்தி உண்டு நிறைய, இல்லாதவர் பசித்திருக்கக் கண்டு, அது ஆண்டவரின் விருந்தே அன்று எனக் கடிந்துரைத்தார். ஆகவே தொடக்கத்திலிருந்தே நினைவும் பகிர்வும் பிரிக்கவொண்ணாதவை.

மலையகத்தில் இவை பிரிந்தே வந்தன. கோப்பித் தோட்டங்களின் தமிழ்த் தொழிலாளரிடையே பணிபுரிய 1854இல் தமிழ்க் கூலி மிஷன் தோன்றியது. அதற்குத் தோட்டத்துரைமாரின் நன்கொடையும் கிடைத்தது. அம்மிஷன் தோட்டச் சிறாருக்கு எழுத்தறிவு தந்தது. அதனை மறுப்பது நேர்மையாகாது. ஆயினும் துரையின் பணத்தில் இயங்கிய பணி, துரை நிர்ணயித்த கூலியைக் கேள்விக்குட்படுத்துவது எளிதன்று. பீடத்து அப்பமும் லயத்து ரொட்டியும் ஒரே கோதுமை மாவினால் ஆனவை. 1973–74ஆம் ஆண்டுகளின் உணவு நெருக்கடியில் தோட்டங்களில் பட்டினிச் சாவுகள் நிகழ்ந்தபோது இவ்வுண்மை கொடூரமாகப் புலனாயிற்று.

இம்முரண்பாட்டை வெளிப்படையாக எழுப்பியவர் அமலமரித் தியாகிகள் சபையைச் சேர்ந்த திஸ்ஸ பாலசூரிய அடிகள். நற்கருணையும் மனித விடுதலையும் பற்றி அவர் ஆங்கிலத்தில் எழுதிய நூலின் ஓர்பிஸ் பதிப்பு 1979இல் வெளிவந்தது. விடுதலையின் விருந்தாகப் பிறந்த சடங்கு தனிமனிதப் பக்தியாகச் சுருங்கிக் காலனித்துவத்தோடு இசைந்து வாழ்ந்தது எவ்வாறு என அவர் வினவினார். நூலின் வலிமை இவ்வினாவிலேயே உள்ளது. எனினும் அதன் அழுத்தம் பெரிதும் பகிர்வின்மீதே விழுகின்றது. யாரை நினைவுகூர்வது என்னும் வினாவையும் மலையகம் உடன் எழுப்புகின்றது.

அவ்வினாவுக்கு விடை தருபவர் இறையியலாளர் அல்லர், கவிஞர் சி. வி. வேலுப்பிள்ளை. 1947இல் தலவாக்கலைத் தொகுதியிலிருந்து பாராளுமன்றம் சென்ற தொழிற்சங்கவாதி அவர். அடுத்த ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரசாவுரிமைச் சட்டம் அவரைத் தெரிவு செய்த மக்களையே நாடற்றவராக்கியது. ஆங்கிலத்தில் அவர் எழுதி, சக்தீ பால ஐயாவால் ‘தேயிலைத் தோட்டத்திலே’ எனத் தமிழாக்கம் பெற்ற கவிதை, தேயிலைச் செடியின் அடியில் கல்லறையின்றிப் புதையுண்ட முன்னோரை முன்னிறுத்துகின்றது. அங்கு இறந்தோர் இரக்கத்துக்குரியவராக மட்டுமன்றி உரிமை கோருபவராகவும் நிற்கின்றனர். திருவிருந்தின் நினைவு ஆற்றவேண்டிய பணியும் இதுவே. பேரரசு ஒன்றினால் நகருக்கு வெளியே கொல்லப்பட்டவரை நினைவுகூரும் சபை, மன்னார்–மாத்தளைப் பாதையில் நோயாலும் பசியாலும் மடிந்தவரை மறப்பது பொருந்தாது.

இது புனிதச் சடங்கை அரசியலாக்குவதாகும் எனச் சிலர் மறுக்கலாம். ஆனால் ஏழை உண்டானா என்பதையே உரைகல்லாகக் கொண்டு விருந்தை மதிப்பிட்டவர் பவுல் அல்லரோ? மறுபுறம், புலம்பலோடு அமையும் நினைவு மக்களை அடங்கியிருக்கச் செய்யும் என்னும் ஐயம் நியாயமானதே. அதற்கு நடைமுறையில் விடை கிடைத்தது 2023இலாகும். மலையக மக்களின் இருநூறு ஆண்டு நிறைவையொட்டி, தலைமன்னாரிலிருந்து மாத்தளைக்கு முன்னோர் நடந்த வழியே பல சமயத்தவரும் நடந்தனர். காணி, வீடு, போதிய ஊதியம், சமத்துவமான பிரசாவுரிமை ஆகிய கோரிக்கைகள் அந்நடையோடு இணைந்திருந்தன. கால்களால் நிகழ்ந்த அந்த நினைவுகூர்தல், பீடத்தைச் சுற்றி நிகழ்வதற்கு ஓர் அளவுகோலாகும்.

ஞாயிறு வழிபாட்டில் அப்பம் பெறும் கை, திங்கள் காலை பெரட்டுக்களத்தில் பெயர் போட்டுக் கொழுந்து பறிக்கச் செல்லும் கையேயாகும். அக்கைக்கு உரிய கூலியைப் பற்றி வாய் திறவாத சபை, எத்துணை பக்தியுடன் அப்பத்தைப் பிட்டாலும், தான் யாரை நினைவுகூர்கின்றது என்பதை இன்னும் அறியவில்லை என்றே கொள்ளல் வேண்டும்.