பிஸ்கட் எறியும் கேமரா: காசு எதற்குப் போகிறது?

நாய்க்குத் தின்பண்டம் எறியும் கேமராவின் விளம்பரங்கள் எல்லாம் படத்தின் துல்லியத்தைத்தான் பெரிய எழுத்தில் போடுகின்றன. அதைப் பற்றி அலட்டிக்கொள்ளவே வேண்டாம். டிபி-லிங்க் டேப்போ சி200 போன்ற சாதாரண வீட்டுக் கேமராவே 1080பி படம், இரவுப் பார்வை, இருவழிப் பேச்சு, மெமரி கார்டு எல்லாவற்றையும் சில ஆயிரம் ரூபாய்க்குள் தந்துவிடுகிறது. அதற்கு மேல் கொடுக்கும் காசு முழுக்க எறியும் பொறிக்குத்தான். சோதிக்க வேண்டியதும் அதைத்தான்.

இந்த வகையில் பேர்பெற்றது ஃபர்போ. தைவானின் டோமோஃபன் நிறுவனம் 2016-இல் இணையத்தில் நிதி திரட்டிக் கொண்டுவந்தது. அதுவும் பெட்கியூப் பைட்ஸும் நம் பட்ஜெட்டுக்கு எட்டாதவை. நான் வாங்கிப் பார்த்தது அவற்றைப் போலவே தோற்றம் கொண்ட, பெயர் கேள்விப்படாத மலிவுப் பெட்டி. சோதித்தவன் எங்கள் வீட்டு நாட்டு நாய் மணி.

உள்ளே குழிகள் கொண்ட ஒரு தட்டு. செயலியில் பொத்தானைத் தொட்டால் தட்டு சுழன்று, குழியில் விழுந்ததை வெளியே தள்ளும். கொண்டைக்கடலை அளவில், உருண்டையாக, காய்ந்திருந்தால் ஒழுங்காக வருகிறது. உடைத்த பிஸ்கட் போட்டால் தூள் சேர்ந்து அடைத்துக்கொள்கிறது. கறித்துண்டு வகைகள் சென்னைக் காற்றின் ஈரத்தில் பிசுபிசுத்து, தட்டோடு ஒட்டிக்கொண்டு வர மறுக்கின்றன. உள்ளே எதுவும் நகராதபோதும் செயலி ‘கொடுத்தாயிற்று’ என்று சாதிக்கும்! கடைசியில் சரிப்பட்டது மணி தினமும் தின்னும் உலர் தீவனமேதான். தனியாகத் தின்பண்டம் வாங்கும் செலவு மிச்சம். தினசரித் தீவனத்திலிருந்தே எடுப்பதால் எடை கூடும் கவலையும் இல்லை. தின்பண்டம் நாளின் மொத்தக் கலோரியில் பத்தில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது என்பது கால்நடை மருத்துவர்கள் வழக்கமாகச் சொல்லும் கணக்கு.

மலிவுப் பெட்டியில் இன்னொரு கோளாறு: லென்ஸ் நேராகப் பார்க்கிறது, தீனியோ பெட்டியின் காலடியில் விழுகிறது. தின்றானா இல்லையா என்றே தெரியாது. வாங்கும்போது கேமராவைக் கீழே சாய்க்க முடியுமா என்று பாருங்கள். எடையில்லாத பெட்டியைத் தரையில் வைக்கவும் வேண்டாம். தீனி எங்கிருந்து வருகிறது என்று புரிந்த கணமே மணி அதைக் கவிழ்த்துக் காலி செய்யப் பார்த்தான். அலமாரியில் ஒட்டிவைத்த பிறகுதான் நிம்மதி.

வைஃபை 2.4 கிகாஹெர்ட்ஸ் மட்டும்தான். ரவுட்டர் இரண்டு அலைவரிசைகளையும் ஒரே பெயரில் தந்தால் முதல் இணைப்பில் மல்லுக்கட்ட வேண்டியிருக்கும். பிளக்கைப் பிடுங்கி மறுபடி செருகிப் பாருங்கள். கரண்ட் போய் வந்ததும் தானாக இணையாத கேமரா நம் ஊருக்கு உதவாது.

சந்தா விஷயத்தில் உஷார். ஆள் நடமாட்ட எச்சரிக்கை, இணையத்தில் பதிவு போன்றவற்றை ஃபர்போ ‘நேனி’ என்ற சந்தாவுக்குள் வைத்திருக்கிறது. மலிவுப் பெட்டிகளும் அதே வழிக்கு வந்துகொண்டிருக்கின்றன. மெமரி கார்டில் பதியாத ஒன்றை, விலை எவ்வளவு குறைவாக இருந்தாலும், நான் வாங்கமாட்டேன்.

பேச்சு வசதியை அளவோடு பயன்படுத்துவது நல்லது. என் குரல் கேட்டதும் மணி வாசலுக்கு ஓடி, ஆளைக் காணாமல் முனகத் தொடங்கிவிடுகிறான். தட்டு சுழலும் சத்தமும் தீனியும் மட்டுமென்றால் குஷியாக இருக்கிறான். தனிமையில் பதறிக் கதவைப் பிறாண்டும் நாய்க்கு இந்தப் பெட்டி மருந்தாகாது. அந்தப் பணத்தை மருத்துவரிடமோ பயிற்சியாளரிடமோ செலவிடலாம். நாய் வெறுமனே தூங்குகிறதா என்று பார்க்க மட்டும் ஆசையென்றால் டேப்போ போன்றதே போதும். தீனிப்பிரியனான, சலித்துப்போய்ச் செருப்பைக் கடிக்கும் நாய் வீட்டில் இருந்தால் இதை வாங்கலாம். திருப்பித் தரும் கெடு முடிவதற்குள், உங்கள் நாய் தின்னும் தீவனத்தையே நிரப்பி, ஒரு முழுநாள் ஓடவிட்டுப் பாருங்கள்.