வானோடி வாட்சும் முக்குளிப்பு வாட்சும்: மலிவு விலையில் ஒரு மரபு

பழைய சாயலில் வரும் மலிவு விலை வாட்சுகளை வாங்குகிறவர்கள் பெரும்பாலும் டயலைப் பார்த்தே மயங்கிவிடுகிறார்கள். அந்த டயல் எந்த வேலைக்காக அப்படி வரையப்பட்டதோ, அந்த வேலைக்கு இன்றைய பதிப்பு ஆகுமா என்று பார்ப்பவர்கள் குறைவு.

வானோடி வகையில் அதிகம் நகலெடுக்கப்படுவது ஜெர்மன் மரபு. இரண்டாம் உலகப் போரில் விமானத்தில் திசை கணிப்பவர்களுக்காக லாங்கே, லாக்கோ, ஸ்டோவா, வெம்பே, ஐடபிள்யூசி என்ற ஐந்து நிறுவனங்கள் செய்து கொடுத்தவை அவை. விட்டம் 55 மில்லிமீட்டர். தடித்த ஜாக்கெட் கையின்மேலேயே நீண்ட தோல் வாரால் கட்டிக்கொள்வார்கள். கையுறை போட்ட விரலுக்குப் பிடி கிடைக்கவேண்டும் என்பதால் சாவி வெங்காயம் போலப் பருத்திருக்கும். 1940இன் 'ஏ' வகையில் 12 இருக்கவேண்டிய இடத்தில் முக்கோணமும் இரண்டு புள்ளிகளும். 1941இன் 'பி' வகையில் வெளிவட்டம் முழுக்க நிமிடம். மணி உள்வட்டத்துக்குள் ஒடுங்கிவிடும். சாவியை இழுத்தால் வினாடி முள் நிற்கும். புறப்படுமுன் எல்லோரும் வினாடி பிசகாமல் நேரத்தை ஒத்துவைத்துக்கொள்ள அது வேண்டும்.

லாக்கோ இன்றும் ஆக்ஸ்பர்க், ஆகென் என்ற பெயர்களில் இவ்விரு டயல்களையும் ஜப்பானிய மியோட்டா இயந்திரத்தோடு விற்கிறது. டயலில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் மலிவு வாட்சுகளில் பரவலான மியோட்டா 82 வரிசையில் வினாடியை நிறுத்தும் வசதி வெகுகாலம் கிடையாது. போலி முக்கோணத்தை மன்னிக்கலாம், இந்தக் குறையை என்னால் மன்னிக்க முடியவில்லை.

நம்மூரில் இந்தப் பெயரைப் பரப்பியது எச்எம்டி பைலட்: கறுப்பு டயல், 17 கல், தினமும் சாவி கொடுக்கவேண்டும். நிறுவனத்தின் வாட்ச் பிரிவை மூட 2016இல் முடிவானபின் விலை ஏறியது, கலப்படமும் ஏறியது. பளபளவென்று பச்சை, ஆரஞ்சு டயலோடு 'பைலட்' வந்தால் அது பழைய உடலில் புதுச் சாயம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

முக்குளிப்பு வகைக்கு 1953இல் பிளாங்பான் ஃபிஃப்டி ஃபாத்தம்ஸ் வழிகாட்டியது. அதன் சுழல் வளையம்தான் இந்த மரபின் உயிர். இறங்கும்போது வளையத்தின் முக்கோணத்தை நிமிட முள்ளுக்கு நேரே வைத்தால் கழிந்த நேரம் தெரியும். ஒரு பக்கம் மட்டுமே சுழலும் வளையத்தில் கைபட்டு நகர்ந்தாலும் கழிந்த நேரம் கூடித்தான் தெரியும், ஆள் சீக்கிரமே மேலே வந்துவிடுவார்.

ஐஎஸ்ஓ 6425 தரம் கேட்பது இதைத்தான். கூடவே குறைந்தது 100 மீட்டர் ஆழம், குறித்த ஆழத்துக்கு மேல் கால் பங்கு கூடுதல் அழுத்தச் சோதனை, இருட்டில் 25 சென்டிமீட்டர் தூரத்தில் படிக்கும் தெளிவு. தேறியதன் டயலில் 'டைவர்ஸ்' என்று இருக்கும். வெறும் 'வாட்டர் ரெசிஸ்டன்ட்' அந்த முத்திரை ஆகாது.

1996இல் வந்த சீக்கோ எஸ்கேஎக்ஸ்007இல் அந்த முத்திரை உண்டு. வினாடி நிற்காது, கையால் சாவி கொடுக்கவும் முடியாது. முக்குளிப்பவருக்கு அதனால் நஷ்டமில்லை. 2019இல் அதே முகத்தோடு வந்த சீக்கோ 5 ஸ்போர்ட்ஸில் வினாடி நிற்கிறது, சாவியும் கொடுக்கலாம். ஆனால் ஆழம் 200 மீட்டரிலிருந்து நூறாகி, முத்திரையும் போயிற்று. வேண்டாததைக் கொடுத்து வேண்டியதை எடுத்துக்கொண்டார்கள்.

ரஷ்யாவின் சிஸ்தபோல் ஊரில் 1967இல் பிறந்த வஸ்தோக் ஆம்ஃபிபியா தனிப்பள்ளி. தடித்த அக்ரிலிக் கண்ணாடியையும் பின்மூடியையும் தண்ணீரே உள்நோக்கி அழுத்தும். ஆழம் போகப்போக வாஷர் இன்னும் இறுகும். பின்மூடி தனித் தட்டு, அதைப் பிடிக்கும் திருகுவளையம் வேறு. ஆகவே முடுக்கும்போது வாஷர் முறுக்கிக்கொள்வதில்லை. சாவியின் திருகைக் கழற்றினால் சாவி லொடலொடவென்று ஆடும். புதிதாக வாங்கியவர் பழுதென்று ரிப்பேர் கடைக்கு ஓடுவார். பக்கவாட்டு அடி உள்தண்டுக்குப் போகாமலிருக்க வேண்டுமென்றே அப்படிச் செய்திருக்கிறார்கள். வழக்கமான வளையம் இருபக்கமும் சுழல்வதால் ஐஎஸ்ஓ தரத்தில் இது தேறாது. வளையத்தை மட்டும் ஒருபக்கம் சுழல்வதாக மாற்றிக்கொண்டால், இந்த விலையில் என் முதல் தேர்வு இதுதான்.