கண்காணி என்னும் சொல்லும் கிறித்தவ ஆன்மிகத் தலைமையும்

1. முன்னுரை

கிறித்தவ ஆன்மிகத் தலைமையின் நோக்கங்களையும் பொறுப்புகளையும் விளக்குவோர் பெரிதும் எடுத்தாள்வது மேய்ப்பன் என்னும் உருவகமாகும். மந்தையும் கோலும் புல்வெளியும் எழுப்பும் இனிய காட்சி, தலைமையின் சிக்கல்களை மறைத்துவிடவும் கூடும். அதே தலைமையைக் குறிக்கப் புதிய ஏற்பாடு 'எபிஸ்கொபோஸ்' என்னும் கிரேக்கச் சொல்லையும் ஆள்கிறது. மேற்பார்ப்பவர் என்பது அதன் நேர்ப்பொருள். ஹென்றி பவர் தலைமையிலான குழுவின் உழைப்பால் 1871இல் வெளிவந்த தமிழ் விவிலியம் இதனைக் 'கண்காணி' எனப் பெயர்த்தது. மலேசிய, சிங்கப்பூர்த் தமிழர் செவியில் இச்சொல் வேறொரு பொருளையும் எழுப்பும். அப்பொருளை மொழிபெயர்ப்பின் குறையாகக் கொள்ளாமல், மூலநூல் கூறும் தலைமைக் கோட்பாட்டைத் தெளிவாக்கும் துணையாகக் கொள்ளலாம் என்பதே இக்கட்டுரையின் கருத்தாகும்.

2. சொல் கடந்து வந்த பாதை

கண்காணி பழைய சொல். சோழர் காலக் கல்வெட்டுகளில் கோயிற் காரியங்களை மேற்பார்ப்போர் இப்பெயரால் சுட்டப்பெறுகின்றனர். திருமூலரோ மனிதர் மறைவில் செய்யும் கள்ளங்களையும் எங்கும் நின்று காணும் இறைவனையே கண்காணி என்கிறார். ஆக, அலுவலரையும் கடவுளையும் ஒருங்கே குறிக்கத்தக்க தகுதி இச்சொல்லுக்கு முன்பே இருந்தது. விவிலிய மொழிபெயர்ப்பிலும் இவ்விரு நிலைகளும் காணப்படுகின்றன. எபேசுச் சபையின் மூப்பர்கள் கண்காணிகள் எனப்படுகின்றனர். பேதுருவின் முதல் திருமுகத்தில் கிறித்துவே ஆத்துமாக்களின் கண்காணியாகக் காட்டப்படுகிறார்.

இம்மொழிபெயர்ப்பு வெளிவந்த காலத்தில் இலங்கையின் காப்பித் தோட்டங்களில் இச்சொல் வேறொரு வாழ்வைத் தொடங்கியிருந்தது. மலாயாவிலும் காப்பித் தோட்டங்களில் தொடங்கி, பின்னர் இரப்பர்த் தோட்டங்களில் அது வேரூன்றியது. பேச்சு வழக்கில் 'கங்காணி' எனத் திரிந்த இப்பெயருக்கு உரியவர், தம் ஊருக்குச் சென்று உறவினரையும் ஊராரையும் திரட்டி வந்து, அவர்களை வேலை வாங்கும் பொறுப்பையும் ஏற்றார். அழைத்து வந்த ஆள் ஒவ்வொருவருக்கும் அவர் தரகு பெற்றார். நாள்தோறும் வேலைக்கு இறங்கிய தலைகளை எண்ணியும் அவருக்குத் தொகை வழங்கப்பட்டது. முன்பணக் கடன் தொழிலாளியை அவரோடு பிணைத்தது. 1938இல் இந்திய அரசு தொழிலாளர் குடிபெயர்வுக்கு விதித்த தடையோடு இம்முறையிலான ஆள்சேர்ப்பு முடிவுக்கு வந்தது. கங்காணியர் அனைவரும் கொடியவரல்லர். கோயிலும் பள்ளியும் எழ உதவியோரும் அவர்களுள் இருந்தனர். எனினும் அவருடைய வருவாய் தலைகளின் எண்ணிக்கையைச் சார்ந்திருந்தது என்பதும், அவருடைய பார்வை தோட்ட நிருவாகத்தின் பொருட்டே தொழிலாளர்மேல் விழுந்தது என்பதும் மறுக்கவியலாதவை.

தோட்டத்து வழிபாட்டில் இவ்வேதப் பகுதிகள் வாசிக்கப்பட்டபோது இவ்விரு பொருளும் ஒரே செவியில் மோதியிருக்கும் எனக் கருத இடமுண்டு.

3. பேதுருவின் மூன்று எதிர்நிலைகள்

இம்மோதலுக்கு மூலநூலிலேயே விடை உள்ளது. பேதுருவின் முதல் திருமுகம் ஐந்தாம் அதிகாரம், சபையைக் கண்காணிக்கும் மூப்பருக்கு மூன்று எதிர்நிலைகளை முன்வைக்கிறது. கட்டாயத்தால் அன்றி மன விருப்பத்தோடு பணியாற்ற வேண்டும். இழிந்த ஆதாயத்துக்காக அன்றி ஆர்வத்தோடு ஆற்ற வேண்டும். அடக்கி ஆள்பவராக அன்றி முன்மாதிரியாக விளங்க வேண்டும். முதலிரண்டும் நோக்கம் பற்றியவை. மூன்றாவது அதிகாரத்தைக் கையாளும் முறை பற்றியது. தோட்டத்துக் கங்காணி முறையின் நோய்களான ஆதாயமும் அடக்குமுறையும் இங்கே முன்கூட்டியே பெயர் சொல்லி விலக்கப்பட்டுள்ளமை நோக்கத்தக்கது. கண்காணிப்பு எந்தக் காலத்திலும் இவ்வாறு சீர்கெடலாம் என்பதை அத்திருமுகம் அறிந்திருந்தது.

மிலேத்துவில் எபேசு மூப்பரிடம் பவுல் விடைபெறும் பகுதி மேலும் ஒரு வரையறையைத் தருகிறது. முதலில் தங்களையும் பின்னர் மந்தையையும் குறித்து விழிப்பாயிருக்குமாறு அவர் கூறுகிறார். இவ்வரிசை முறை பொருள் பொதிந்தது. தன்மேல் படியாத பார்வை பிறர்மேல் படியும்போது அது வேவாகிவிடுகிறது. எவருடைய வெள்ளிக்கும் பொன்னுக்கும் ஆடைக்கும் ஆசைப்படாமல் தம் கைகளாலேயே உழைத்துப் பிழைத்ததைப் பவுல் அங்கு நினைவூட்டுவதும் தற்செயலன்று. கண்காணிப்பவனின் கைகளும் அங்குக் கணக்குக்கு உட்படுகின்றன.

இவ்விடத்தில் 'ஊழியம்' என்னும் சொல்லையும் இணைத்துக் காண வேண்டும். திருவிதாங்கூரில் கூலியின்றிக் கட்டாயமாகப் பெறப்பட்ட வேலைக்கு அப்பெயர் வழங்கியது. தமிழ்க் கிறித்தவ வழக்கு அதனையே இறைப்பணிக்கு உரியதாக்கிக்கொண்டது. தோட்டத்தில் கண்காணிப்பவர் ஒருவர், உழைப்பவர் வேறொருவர். திருமறையோ அவ்விருவரும் ஒரே ஆளாக இருக்க வேண்டும் என்கிறது. கிறித்தவத் தலைமையின் தனித்தன்மை இவ்விணைப்பில்தான் அடங்கியுள்ளது எனலாம்.

4. நோக்கம் மட்டும் போதுமா?

தலைமையை விரும்புவது தகுமா என்பது பழைய வினா. ஏறத்தாழ 590இல் மேய்ப்புப்பணி பற்றி நூலெழுதிய திருத்தந்தை முதலாம் கிரகோரியார், தலைமைக்கு வருவோரின் நோக்கத்தை ஆராய்ந்தே நூலைத் தொடங்குகிறார். கண்காணிப்பை விரும்புவது நல்ல வேலையை விரும்புவதாகும் என்னும் பவுலின் கருத்தைப் பதவி வேட்டைக்குச் சான்றாக்குவோரை அவர் மறுக்கிறார். சபைக்குத் தலைமை தாங்குபவனே முதலில் கொலைக்களம் சென்ற காலத்தில் கூறப்பட்டது அது என்பது அவர் விளக்கம். பதவியோடு இழப்பும் வரும் காலத்தில் விருப்பம் தியாகம். சிறப்பு மட்டுமே வரும் காலத்தில் அதே விருப்பம் ஐயத்துக்குரியது.

எனினும் தூய நோக்கம் பொறுப்புக்கு ஈடாகாது. சிங்கப்பூரின் சிட்டி ஹார்வெஸ்ட் சபை வழக்கு இதற்குத் தக்க சான்று. சபை நிதியில் ஏறத்தாழ 5 கோடி சிங்கப்பூர் வெள்ளியைக் கையாண்டதில் நம்பிக்கை மோசடி புரிந்ததாக 2015இல் அறுவர் குற்றவாளிகளாகத் தீர்க்கப்பட்டனர். 2017இல் உயர்நீதிமன்றம் தண்டனைகளைக் குறைத்தபோது, அவர்கள் தனிப்பட்ட ஆதாயம் பெறவில்லை என்பதையும், சபையின் நன்மைக்கே செய்வதாக நம்பினர் என்பதையும் கருத்தில் கொண்டது. ஆயினும் குற்றத்தீர்ப்பு நிலைத்தது. இழிந்த ஆதாயம் என்னும் முதற்சோதனையில் தப்பியவரும், கணக்கு ஒப்புவித்தல் என்னும் சோதனையில் தவறக்கூடும். தம் நோக்கம் தூயது என்னும் உறுதியே பிறருடைய கேள்விகளைத் தேவையற்றவையாக எண்ணச் செய்யும். நல்ல நோக்கமுடைய தலைவருக்கும் மேற்பார்வை இன்றியமையாதது என்பதற்கான காரணம் இதுவே.

வருகையாளர் எண்ணிக்கையைத் தலைமையின் அளவுகோலாக்கும் போக்கையும் இந்நோக்கிலேயே மதிப்பிட வேண்டும். தலைகளை எண்ணுதல் குற்றமன்று; நூறில் தொலைந்த ஒன்றை அறியவும் எண்ணத்தான் வேண்டும். தன் பெருமையோ வருவாயோ அவ்வெண்ணோடு கட்டப்படும்போதுதான் மேய்ப்பன் கங்காணியாகிறான்.

5. முடிவுரை

1995இல் வெளிவந்த திருவிவிலியப் பொது மொழிபெயர்ப்பு 'கண்காணிப்பாளர்' என்னும் வடிவத்தை ஏற்றது. பெருந்திருச்சபைகளின் பதவிப் பெயர்களாக ஆயர், பேராயர், அத்தியட்சர் என்பனவே வழங்குகின்றன. இவை மதிப்புக்குரிய சொற்கள் என்பதில் ஐயமில்லை; கண்காணிப்பாளர் இக்காலத் தமிழுக்கு இயைந்த வடிவமும் ஆகும். ஆயினும் இவற்றில் தோட்டத்துத் தூசு இல்லை. கண்காணி என்னும் பழைய பெயர்ப்போ பதவியின் உயர்வையும் அது வீழக்கூடிய ஆழத்தையும் ஒருங்கே நினைவூட்டுகிறது. வகுப்பறையில் விவிலியத் தமிழைக் கற்பிப்போர் இச்சொல்லை வழக்கிறந்தது என ஒதுக்காமல், திருமந்திரத்தோடும் தோட்ட வரலாற்றோடும் இணைத்துக் கற்பித்தல் பயன் தரும். திருமூலர் கருத்துப்படி கண்காணியில்லாத இடமில்லை. அவ்வுண்மை சபையைக் கண்காணிப்போருக்கும் பொருந்தும்.