பரிசும் மேடையும்: தேனி மாவட்ட இலக்கியப் போட்டிகள் குறித்து ஒரு திறனாய்வு

வைகை ஆறு தேனி மாவட்டத்து வருசநாட்டு மலையில் பிறக்கிறது. தமிழக அரசு ஆறுகளின் பெயரால் இலக்கியத் திருவிழாக்களை அமைத்தபோது, வைகை இலக்கியத் திருவிழா 2023-இல் மதுரையில் நிகழ்ந்தது. சங்கம் இருந்த நகருக்கு அம்மேடை உரியதே. ஆயினும் ஆறு பிறக்கும் தேனியிலும் கம்பம் பள்ளத்தாக்கிலும் இலக்கியம் இளையோரைச் சென்றடைவது பெரும்பாலும் போட்டிகளின் வாயிலாகவே என்பதை நாம் காண்கிறோம். எனவே இப்போட்டிகளைப் பள்ளி நிகழ்ச்சி என்று ஒதுக்காமல், இலக்கிய நிறுவனமாகவே கருதி ஆராய்தல் வேண்டும்.

தமிழ் வளர்ச்சித் துறை மாவட்டந்தோறும் மேல்நிலைப் பள்ளி, கல்லூரி மாணவர்க்குக் கவிதை, கட்டுரை, பேச்சுப் போட்டிகளை நடத்தி, முறையே 10,000, 7,000, 5,000 ரூபாய் எனப் பரிசு வழங்கி வந்துள்ளது. தலைவர்களின் பிறந்தநாளையொட்டிய பேச்சுப் போட்டிகள் வேறு. பள்ளிக் கல்வித் துறையின் கலைத் திருவிழா 2022 முதல் பள்ளி, வட்டாரம், மாவட்டம், மாநிலம் எனப் படிப்படியாக நடைபெறுகிறது.

இவற்றின் நன்மையை முதலில் கூறுதல் நேர்மையாகும். விடியுமுன் ஜீப்பில் ஏறிக் கம்பம்மெட்டு வழியாக ஏலத் தோட்டத்திற்குக் கூலி வேலைக்குச் செல்லும் தாய்மார் பலர் இங்கு உண்டு. அத்தகைய ஒரு தாயின் மகள், மாவட்டத் தலைநகரின் மேடையில் நின்று தமிழ் பேசி 10,000 ரூபாய் பெறுவாளாயின், அது சிறு செய்தியன்று. பேசுவதற்குத் தனக்கும் உரிமை உண்டு என்று அவள் அறிகிறாள். இதைக் குறைத்துரைப்போர் மேடை எளிதிற் கிட்டியவர்களாகவே இருப்பர்.

ஆனால் அவள் யாருடைய சொற்களைப் பேசினாள்? இங்கேதான் நம் கேள்வி தொடங்குகிறது. தலைப்பை முன்னரே அறிவிக்கும் போட்டிகளில் ஆசிரியர் எழுதித் தர, மாணவர் மனனம் செய்து ஒப்பிப்பதே வழக்கமாகிவிட்டது. அவையோரை விளிக்கும் அடுக்குச் சொற்கள், இரண்டு குறட்பாக்கள், உயர்த்திய கை, இறுதியில் முழக்கம்! போடியில் கேட்கும் பேச்சும் தூத்துக்குடியில் கேட்கும் பேச்சும் ஒன்றாகவே ஒலிக்கின்றன. திராட்சைப் பந்தலின் கீழ் கழுத்து நோக வேலை செய்வதைப் பற்றியும், 1895-இல் கட்டி முடிக்கப்பட்ட பெரியாற்று அணையால் வயல் கண்ட ஊர்களைப் பற்றியும், எல்லை கடந்து நாள்தோறும் போய்வரும் மக்களைப் பற்றியும் அம்மாணவி நன்கு அறிவாள். அவை இலக்கியத்திற்கு உரியவை என்று மட்டும் அவளுக்கு எவரும் சொல்லவில்லை.

இரண்டாவது குறை நடுவரைச் சார்ந்தது. கருத்து, மொழிநடை, உச்சரிப்பு, கால அளவு எனக் கட்டமிட்ட தாளில் மதிப்பெண்கள் இடப்படுகின்றன, கூட்டுத்தொகை முடிவாகிறது. ஏன் என்று கூறுவார் இல்லை. எழுதிய கவிதைத் தாள்களோ கட்டுக்குள் போய்விடுகின்றன. தோற்றவர் எதனால் தோற்றார் என்று அறியார்; வென்றவரும் எதனால் வென்றார் என்று அறியார்.

நம் மரபு இதுவன்று. தொல்காப்பியம் நிலந்தரு திருவிற் பாண்டியன் அவையில் அதங்கோட்டாசான் முன் அரங்கேறியதாக அதன் பாயிரம் கூறும். அரங்கேற்றத்தில் கேட்போர் ஐயம் எழுப்புவர். ஆசிரியர் விடை கூறுவார். வேல்ஸ் நாட்டின் ஐஸ்டெத்வாட் விழாவிலும், எழுதியோர் புனைபெயரில் படைப்பை அனுப்ப, நடுவர் தம் தீர்ப்பின் காரணத்தை அவையறியக் கூறுகின்றனர். தகுதியான படைப்பு இல்லையெனில் பரிசு நிறுத்தப்படும். வென்ற படைப்புகளும் தீர்ப்புரைகளும் நூலாக வெளிவருகின்றன. காரணம் வெளிப்படையானால், தீர்ப்புத் தவறினும் அதனைப் பிறர் சீர்தூக்க இயலும். கி.மு. 431-இல் ஏதென்ஸ் நாடகப் போட்டியில் யூரிப்பிடிசின் 'மெடேயா' இடம்பெற்ற வரிசை மூன்று பேரில் மூன்றாம் இடத்தையே பெற்றது. நடுவர் தவறுவதுண்டு என்பதற்கு வேறு சான்று வேண்டுவதில்லை.

இப்பள்ளத்தாக்கிலேயே வேறொரு மேடையும் இருந்தது. பண்ணைப்புரத்துப் பாவலர் வரதராசன் தம் தம்பியருடன் பொதுவுடைமைக் கட்சி மேடைகளில் பாடினார். 1958-இல் தேவிகுளம் இடைத்தேர்தலிலும் பாடினார். அத்தம்பியருள் ஒருவரே 1976-இல் 'அன்னக்கிளி' வாயிலாகத் திரையிசைக்கு வந்த இளையராசா. அங்கே மதிப்பெண் தாள் இல்லை. எழுந்து போகவும் இருந்து கேட்கவும் உரிமையுள்ள மக்களே நடுவர். மக்கள் கூட்டமும் மயங்கக் கூடியதே. எனினும் அக்கூட்டத்தின் முன் பிறர் எழுதித் தந்ததை ஒப்பித்து நிற்றல் அரிது.

சபைகளில் சிறுவர்க்கு மனப்பாட வசனப் போட்டியும் பேச்சுப் போட்டியும் நடத்தும் நாமும் இதற்கு விலக்கல்லோம். வசனத்தைப் பிழையின்றிச் சொன்ன பிள்ளைக்குப் பரிசளிக்கிறோம். அதன் பொருளை அப்பிள்ளை எவ்வாறு உணர்ந்தது என்று கேட்பது அரிதாகிவிட்டது. மனனம் நன்று, அது வித்து. வித்தையே விளைச்சலென்று எண்ணுதல் ஆகாது.

நூறு பேர் பங்கேற்கும் போட்டியில் ஒவ்வொருவர்க்கும் காரணம் கூற நேரமேது என்று விழா நடத்துவோர் வினவலாம். நியாயமான வினாவே. வென்ற மூவரையும் வெல்லாத இருவரையும் தெரிந்து, ஒவ்வொருவரைக் குறித்தும் ஐந்து நிமிடம் பேசினால் அரைமணிக்குள் முடியும். பேச்சு முடிந்தபின் நடுவர் ஒரேயொரு வினா எழுப்பினால், சொற்கள் யாருடையவை என்பது விளங்கிவிடும். நல்ல படைப்புகளைச் சிறு மலராக அச்சிட்டு மாவட்ட நூலகங்களில் வைப்பதும் பெருஞ்செலவன்று.

பரிசுத்தொகை ஒரு மாதத்தில் செலவாகிவிடும். தன் சொல்லை ஒருவர் கருத்தூன்றிக் கேட்டு விடை கூறினார் என்னும் நினைவோ நெடுநாள் நிற்கும். அதனை அளிப்பதற்கு மேடை அமைப்போர் முன்வருவாராக.