எப்படி இருக்கு மேடம்?

கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் வேலை பார்க்கும் என் சித்தி மகளை, சென்னையில் புதுப்பாணி மெக்சிகன் உணவு பரிமாறும் ஓர் உணவகத்துக்கு அழைத்துப் போனேன். எனக்கு ஒரு கட்டுரைக்குச் சன்மானம் வந்திருந்தது. அவளுக்கு ஞாயிறு விடுப்பு. மின்சார ரயிலில் சென்ட்ரல் வரை போய் அங்கிருந்து ஆட்டோ பிடித்தோம்.

வாசலில் மூன்று கால் வைத்த சாய்வான கல் ஒன்றை விளக்கு போட்டு வைத்திருந்தார்கள். மெக்சிகோவில் அதற்கு மெதாதே என்று பெயர். "அம்மிக்கு எதுக்குக்கா லைட்டு?" என்றாள். சிரித்துவிட்டேன். ஆனால் அது சரியான கேள்வி.

அந்தக் கல்லின் முன் மண்டியிட்டுத்தான் மெக்சிகோவின் பெண்கள் நூற்றாண்டுகளாகச் சோளம் அரைத்தார்கள். மக்காச்சோளத்தைச் சுண்ணாம்பு கலந்த நீரில் வேகவைத்து, இரவெல்லாம் ஊறவிட்டு, விடியும் முன் எழுந்து அரைக்க வேண்டும். ஒரு குடும்பத்துக்கான தோர்த்தியாவுக்கு நாளில் பல மணி நேரம் பிடிக்கும். இருபதாம் நூற்றாண்டின் முதல் பாதியில் மாவு மில்கள் ஊர்களுக்கு வந்தபோது, ஆண்கள் பலர் எதிர்த்தார்கள். கையால் அரைத்த ருசி வராது, பெண்கள் சோம்பேறி ஆகிவிடுவார்கள் என்றார்கள். 2011இல் தமிழ்நாடு அரசு விலையில்லா மிக்சியும் கிரைண்டரும் கொடுத்தபோது இதே வார்த்தைகளை நம் வீட்டுத் திண்ணைகளிலும் கேட்டோம். அரைக்காத கைக்குத்தான் அம்மியின் ருசி மீது அவ்வளவு பிரியம்.

இன்று அந்தக் கல்லுக்கு மதிப்பு திரும்பியிருக்கிறது. மெக்சிகோ நகரத்தில் என்ரிக்கே ஒல்வேரா 2000இல் தொடங்கிய பூஹோல் உணவகத்தின் புகழ்பெற்ற பண்டத்துக்கு 'மோலே மாத்ரே' என்று பெயர், அதாவது தாய் மோலே. மிளகாய், கொட்டைகள், மசாலாக்கள் சேர்ந்த குழம்பு அது. அதை நாள்கணக்கில் சுண்டவைத்து, பழையதோடு புதியதைச் சேர்த்துக்கொண்டே போவார்கள். 2024இல் மிஷெலின் வழிகாட்டி முதல்முறையாக மெக்சிகோவுக்கு வந்தபோது பூஹோலுக்கு இரண்டு நட்சத்திரம் கிடைத்தது. ஓஹாகாவில் தாலியா பாரியோஸ் கார்சியா என்ற பெண் நடத்தும் உணவகத்துக்கும் அதே ஆண்டு ஒன்று கிடைத்தது. மகிழ்ச்சிதான். ஆனாலும் பண்டத்தின் பெயரில் தாய் இருக்கிறாள், புகழில் யார் பெயர் இருக்கிறது என்பதைப் பார்க்காமல் இருக்க முடியவில்லை. எங்கள் கையிலிருந்த மெனு அட்டையிலும் 'பாட்டிமார் கைப்பக்குவம்' என்று இருந்தது. தலைமைச் சமையல்காரரின் பெயரைத்தான் தனியாகப் போட்டிருந்தார்கள்.

உணவு நன்றாகவே இருந்தது. நீலச் சோளத் தோர்த்தியா சுடச்சுட வந்தது. மிளகாயும் தக்காளியும் அந்த மண்ணிலிருந்து நமக்கு வந்தவை என்பதால் நாக்குக்கு அந்நியம் தெரியவில்லை. ஒவ்வொரு தட்டுக்கும் பிறகு பரிமாறிய தம்பி வந்து "எப்படி இருக்கு மேடம்?" என்று கேட்டார். முதல்முறை அவள் திடுக்கிட்டு என்னைப் பார்த்தாள். பிறகு எல்லாவற்றுக்கும் "நல்லா இருக்கு" என்றாள். மூன்றாவதாகக் கறுப்பு மோலே வந்தது. அதற்கும் நல்லா இருக்கு.

திரும்பும் ரயிலில், பொன்னேரி தாண்டியதும் சொன்னாள்: "அந்தக் கறுப்புக் குழம்பு நல்லாவே இல்லக்கா. மிளகா தீஞ்சிருந்துச்சு."

"அங்கயே சொல்லியிருக்கலாமே?"

"சொன்னா என்ன பண்ணுவாங்க?"

கறுப்பு மோலேவுக்கு மிளகாயைக் கருக வறுக்கத்தான் வேண்டும், ஆனால் ஒரு நொடி கூடினால் கசந்துவிடும். அன்று எனக்கும் கசந்தது. தெரியாத சமையலைக் குறை சொன்னால் நாகரிகம் இல்லாதவள் என்று நினைப்பார்களோ என்று நானும் ரசித்ததாகத் தலையாட்டினேன். அவள் சொல்லாததற்குக் காரணம் வேறு. அவள் தங்கியிருக்கும் விடுதியில் சாப்பாடு எப்படி இருக்கிறது என்று யாரும் கேட்டதில்லை. சோறு குழைந்திருந்தால் ஊறுகாய் வைத்துக்கொள்வாள். குறை சொன்னவளை ஒப்பந்தக்காரர் அடுத்த முறை எடுக்க மாட்டார்.

2021 டிசம்பரை நினைத்துக்கொண்டேன். ஸ்ரீபெரும்புதூர் பாக்ஸ்கான் ஆலையின் பெண் தொழிலாளர்கள் தங்கிய, நம் திருவள்ளூர் மாவட்டப் பூந்தமல்லி அருகிலுள்ள விடுதியில் உணவு நஞ்சாகி 159 பேர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார்கள். தோழிகள் என்ன ஆனார்கள் என்று தெரியாத பெண்கள், 17ஆம் தேதி இரவு சென்னை-பெங்களூரு நெடுஞ்சாலையில் உட்கார்ந்தார்கள். ஆலை மூடப்பட்டது. விடுதிகளும் உணவுக்கூடங்களும் தங்கள் தரத்துக்கு இல்லை என்று ஆப்பிள் நிறுவனம் ஒப்புக்கொண்டது. 2022 ஜனவரி 12இல்தான் ஆலை திரும்பத் திறந்தது.

உணவக மேசையில் நான் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் தட்டை மாற்றிக் கொடுத்திருப்பார்கள். அதற்கு ரசனை என்று பெயர். அந்தப் பெண்கள் 'இந்தச் சாப்பாடு சரியில்லை' என்ற அதே வாக்கியத்தைச் சொல்ல நெடுஞ்சாலையை மறிக்க வேண்டியிருந்தது. அதற்கு சட்டம் ஒழுங்குப் பிரச்சினை என்று பெயர். ஸ்ரீபெரும்புதூர் பக்கம் வல்லம் வடகாலில் 18,720 பேர் தங்கும் விடுதியை அரசு 2024 ஆகஸ்டில் திறந்தது. நல்ல கட்டடம் தேவைதான். அந்தச் சமையலறைக்குள் நுழைந்து, ருசி பார்த்து, 'இதைப் பரிமாறாதே' என்று நிறுத்தும் அதிகாரம் அங்கே சாப்பிடும் பெண்களுக்கு உண்டா என்பதே என் கேள்வி.

உணவு விமர்சனம் எழுத மொழி வேண்டும், நேரம் வேண்டும் என்று நினைத்திருந்தேன். என் தங்கைக்கு இரண்டுமே குறைவு. நாக்கு மட்டும் மிகச் சரியாக இருக்கிறது. கும்மிடிப்பூண்டியில் இறங்கும்போது அவளிடம், "தீஞ்சதுன்னு நீ சொன்னது சரிதாண்டி, எனக்கும் கசந்துச்சு" என்றேன்.

"அப்ப நீ ஏன்க்கா சொல்லல?" என்றாள்.