‘நான்’ சொல்லும் கதையும் சித்திரம் காட்டும் கதையும்

பதின்பருவத்து வாசகர்களுக்கென்று தனியாக ஓர் இலக்கிய வகை அவசியந்தானா என்ற விவாதம் ஒருபுறம் ஓயாமல் நடந்துகொண்டிருக்க, அதைச் சற்றும் பொருட்படுத்தாமல் அமெரிக்கப் பிரசுர உலகம் அவ்வகையை ஒரு சாம்ராஜ்யமாகவே வளர்த்துவிட்டது. எஸ்.இ. ஹின்டன் பள்ளி மாணவியாக இருந்தபோதே எழுதி, 1967-இல் வெளியான ‘தி அவுட்ஸைடர்ஸ்’ நாவலிலிருந்து இதன் சரித்திரத்தைத் தொடங்குவது சம்பிரதாயம். 2000-ஆம் ஆண்டில் அமெரிக்க நூலகச் சங்கத்தார் இந்நூல்களுக்கென்றே மைக்கேல் பிரின்ட்ஸ் பெயரால் ஒரு விருதை வழங்கத் தொடங்கினர். 2012-இல் எடுத்த கணக்கொன்று, இவற்றை விலை கொடுத்து வாங்குகிறவர்களில் பாதிக்கு மேற்பட்டவர்கள் பதினெட்டு வயதைக் கடந்தவர்களே என்று காட்டியது. வளர்ந்தவர்கள் இவற்றை வாசிப்பது வெட்கப்பட வேண்டிய காரியம் என்று 2014-இல் ரூத் கிரஹாம் என்ற பத்திரிகையாளர் எழுதப்போக, கண்டனங்கள் நாலாபுறமிருந்தும் கிளம்பின. வெட்கப்பட இதில் எனக்கு ஒன்றும் தென்படவில்லை. ஆனால் இந்நூல்களைச் சில வருஷங்களாகத் தொடர்ந்து வாசித்து வந்ததில் என் மனத்தில் உறுதிப்பட்ட அபிப்பிராயம் ஒன்று உண்டு: இவ்வகை உரைநடை நாவலுக்கு உயிர்நாடியாக விளங்குவது எதுவோ அதுவே அதற்கு நோயாகவும் முடிகிறது, அந்நோய்க்கு மருந்து, பலர் இன்னும் இரண்டாந்தரமென்று எண்ணும் சித்திர நாவலின் இயல்பிலேயே அமைந்திருக்கிறது.

உயிர்நாடி என்று நான் சொல்வது ‘நான்’ என்ற குரலை. சூஸன் காலின்ஸின் ‘தி ஹங்கர் கேம்ஸ்’ 2008-இல் வந்தபோது, காட்னிஸ் என்ற பதினாறு வயதுப் பெண் தன் கதையைத் தானே, அதுவும் நிகழ்காலத்திலேயே சொல்லிக்கொண்டு போகும் உபாயம், அவள் அடுத்த பக்கத்தில் உயிரோடிருப்பாளா என்பதுகூட நிச்சயமில்லாத ஒரு பதைப்பை வாசகனுக்குள் உண்டாக்கியது. அந்தக் குரலின் குறைபாட்டையே கதையின் விசையாக மாற்றிக்கொண்டதில்தான் காலின்ஸின் சாமர்த்தியம் இருக்கிறது. தொலைக்காட்சிக்காக நடத்தப்படும் சாவுப் போட்டியில் அவளோடு இறக்கப்பட்ட பீட்டா தன்மேல் வைத்திருப்பது மெய்யான காதலா, காமிராவுக்காக ஆடும் நாடகமா என்பது காட்னிஸுக்குத் தெரியாது. வாசகனுக்கோ மெல்ல மெல்லத் தெரிந்துவிடுகிறது. அவள் அறியாததற்கும் நாம் அறிவதற்கும் நடுவிலிருக்கும் அந்த இடைவெளியில்தான் அந்நாவல் ஜீவிக்கிறது.

பின்னால் வந்தவர்களில் பலர் குரலை மட்டும் எடுத்துக்கொண்டு இடைவெளியை விட்டுவிட்டார்கள். வெரோனிகா ராத்தின் ‘டைவர்ஜென்ட்’ வரிசையில் 2013-இல் வந்த மூன்றாவது நூல், ட்ரிஸ், டோபியாஸ் என்ற இருவரும் மாறி மாறிக் கதை சொல்லும்படி அமைந்தது. அத்தியாயத்தின் தலைப்பில் அச்சிட்டிருக்கும் பெயரைக் கையால் மறைத்துக்கொண்டு வாசித்தால், பேசுவது அவளா அவனா என்று கண்டுகொள்ளப் பல இடங்களில் என்னால் முடியவில்லை. பாத்திரங்கள் வேறாகவும் அந்தரங்கம் ஒன்றாகவும் இருக்குமானால், அங்கே இருப்பது பாத்திர சிருஷ்டி ஆகாது. காலத்துக்கேற்ற ஒரு பேச்சுப் பாணி, அவ்வளவே. ஆங்கி தாமஸின் ‘தி ஹேட் யு கிவ்’ (2017) இதைவிட எவ்வளவோ மேலான நூல். தன் கண்ணெதிரே நண்பன் கலீலைப் போலீஸ்காரர் சுட்டுக் கொன்றதைக் கண்ட ஸ்டார் என்ற கறுப்பினப் பெண், தன் பேட்டையில் ஒரு விதமாகவும், வெள்ளையர் மிகுந்த தன் பள்ளிக்கூடத்தில் வேறு விதமாகவும் பேசக் கற்றுக்கொண்டவள். ஒரே வாய்க்குள் இரண்டு பேச்சுகள் ஒன்றையொன்று வேவு பார்ப்பதை ஆசிரியை காட்டும் இடங்களெல்லாம் முதல்தரமானவை. அப்படிப்பட்ட நூலுங்கூட, முடிவை நெருங்க நெருங்க, தான் கற்றுக்கொண்டது இன்னதென்று கதாநாயகி நமக்கு எடுத்துச் சொல்லும் ஆசைக்கு இணங்கிவிடுகிறது. தன்னை நன்றாக அறிந்துகொண்டு, அந்த அறிவை வாக்கியங்களாகவும் அமைத்துக் கொடுத்துவிடுகிற பதினாறு வயதுப் பிள்ளைகள் இந்நாவல்களில் மலிந்து கிடக்கிறார்கள். அந்த வயதின் அவஸ்தையே தன்னைத் தனக்குத் தெரியாததுதான் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

இந்த ஆபத்தை முன்பே உணர்ந்தவர் வால்டர் டீன் மயர்ஸ். பிரின்ட்ஸ் விருதை முதன்முதலாகப் பெற்ற அவருடைய ‘மான்ஸ்டர்’ (1999), கொலை வழக்கில் உடந்தையென்று சிறைவைக்கப்பட்ட ஸ்டீவ் ஹார்மன் என்ற பதினாறு வயதுப் பையன், தன் விசாரணையை ஒரு சினிமாவின் திரைக்கதையாக எழுதிப் பார்ப்பதாக அமைந்தது. ‘நான்’ என்று சொன்னால் தாங்காத ஒன்றை ‘ஸ்டீவ்’ என்று மூன்றாம் மனிதனாக்கி, காமிரா எங்கே நிற்கிறது, முகம் எத்தனை அருகில் தெரிகிறது என்றெல்லாம் குறிப்புகள் எழுதிக்கொள்ளும் அந்தப் பையன், தன்னை வெளியிலிருந்து பார்க்கப் படாதபாடு படுகிறான். விடுதலையான பிறகு அவன் நன்றியோடு கைகளை விரித்து நெருங்கும்போது, அவனுக்காக வாதாடிய வக்கீலம்மாள் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார். ஏன் என்று நாவல் சொல்வதில்லை. உரைநடை இங்கே சித்திரமாக மாறத் தவித்துக்கொண்டிருக்கிறது என்றே எனக்குத் தோன்றுகிறது.

சித்திர நாவலுக்கு அந்தத் தவிப்பு இல்லை. ‘நான்’ என்று ஒரு பெண் எத்தனை சொன்னாலும், கட்டத்துக்குள் அவளுடைய முதுகோ முகமோ வெளியிலிருந்து பார்த்தபடி நிற்கத்தான் வேண்டும். அவள் கவனிக்காத அடுக்களையும், அவளுக்குப் பின்னால் பேசாமல் நிற்கும் தாயாரும் அதே கட்டத்தில் இடம் பிடித்துவிடுகிறார்கள். ஸ்காட் மெக்லவுட், சித்திரக்கதையின் இலக்கணத்தைச் சித்திரக்கதையாகவே எழுதிய தம் 1993-ஆம் ஆண்டு நூலில், கட்டத்துக்கும் கட்டத்துக்கும் நடுவேயுள்ள வெற்றிடத்தை வாசகன் தன் கற்பனையால் நிரப்புவதையே இக்கலையின் இருதயமாகக் கொண்டார். அது மெய்தான், எனினும் இளம்பருவக் கதையைப் பொறுத்தவரை, ஒரே கட்டத்துக்குள் சொல்லுக்கும் படத்துக்கும் நேரும் முரண்தான் அதைவிட விசேஷமானதென்பது என் கட்சி.

கனடாவைச் சேர்ந்த ஒன்றுவிட்ட சகோதரிகளான மரிகோ டமாகியும் ஜில்லியன் டமாகியும் சேர்ந்து ஆக்கிய ‘திஸ் ஒன் ஸம்மர்’ (2014) இதற்குத் தகுந்த நிரூபணம். ஆண்டுதோறும் கோடையில் அவாகோ என்னும் ஏரிக்கரைக் குடியிருப்புக்குப் பெற்றோருடன் வரும் ரோஸ், தன்னைவிட இளையவளான விண்டியோடு கூடிக்கொண்டு, உள்ளூர்க் கடையில் பேய்ப்படங்களை வாடகைக்கு எடுத்துப் பார்க்கிறாள். கடையில் வேலை செய்யும் வாலிபன்மேல் அவளுக்கு ஓர் இனந்தெரியாத ஈடுபாடு. அவனால் கர்ப்பமுற்ற பெண்ணைப் பற்றி ரோஸ் சொல்லும் சொற்கள் குரூரமானவை. அவை நியாயமென்றே அவள் நம்புகிறாள். உரைநடையாக இருந்தால் அந்த நம்பிக்கையை மறுப்பதற்கு ஆசிரியை வேறொரு பாத்திரத்தைப் பேசவைக்க வேண்டியிருக்கும். இங்கேயும் விண்டி ஆட்சேபிக்கத்தான் செய்கிறாள். ஆனால் உண்மையான மறுப்பு சித்திரத்திலிருந்து வருகிறது. நீல ஊதா மையால் மட்டுமே அச்சான அப்பக்கங்களில், ரோஸின் தாயார் தண்ணீருக்குள் இறங்காமல் நிற்கும் நிலை, கணவனுக்கும் அவளுக்கும் நடுவில் இருக்கும் தூரம், மகள் எரிச்சலோடு திருப்பிக்கொள்ளும் கழுத்து ஆகியவை யாரும் விளக்காமலே சேர்ந்துகொண்டு வருகின்றன. முந்திய கோடையில் அதே தண்ணீரில் அந்தத் தாயாருக்குக் கருச்சிதைவு ஏற்பட்டது என்பதை ரோஸ் ஒட்டுக்கேட்டு அறியும்போது, நாம் அதற்கு வெகுநேரம் முன்பே ஏதோ ஒரு துக்கத்தின் சமீபத்தில் உட்கார்ந்திருந்தோம் என்பது புலனாகிறது. இதற்குப் பிறகும் ரோஸ் தன் குரூரத்துக்காக வருந்தி ஒரு பிரசங்கம் செய்வதில்லை. அவள் சிறுமியாகவே ஊர் திரும்புகிறாள். ஆசிரியைகள் அவளைத் திருத்தாமல் விட்டதை இந்நூலின் தலைசிறந்த கௌரவமாக நான் மதிக்கிறேன்.

இதற்கு எட்டு ஆண்டு முந்தியது ஜீன் லுவென் யாங்கின் ‘அமெரிக்கன் பார்ன் சைனீஸ்’ (2006). அமெரிக்காவின் தேசியப் புத்தக விருதுக்கான இறுதிப் பட்டியலில் இடம்பெற்ற முதல் சித்திர நாவல் அது. மறு ஆண்டு பிரின்ட்ஸ் விருதையும் பெற்றது. சீனப் புராணத்து வானர ராஜன், கலிபோர்னியாவில் பள்ளி செல்லும் ஜின் வாங், டானி என்ற வெள்ளைக்காரப் பையன் ஆகிய மூவரின் கதைகள் தனித்தனியே ஓடிக் கடைசியில் ஒன்றில் கலக்கின்றன. டானியைப் பார்க்க வரும் சீன உறவினனை, நீண்டு துருத்திய பல்லும் சடையும் மழலை ஆங்கிலமுமாக, ஒரு நூற்றாண்டுக் காலக் கேலிச்சித்திரங்களின் அவமானமெல்லாம் திரண்ட உருவமாக யாங் வரைகிறார். அந்தப் பகுதிகளில் கட்டங்களின் அடியில், தொலைக்காட்சி ஹாஸ்யத் தொடர்களில் வருவதுபோலச் சிரிப்பொலியும் கைதட்டலும் வரிசையாக அச்சிடப்பட்டிருக்கின்றன. சிரிப்பது யார்? கண்ணுக்குத் தெரியாத அந்தக் கூட்டத்தோடு நாமும் ஒரு கணம் உதட்டை அசைத்துவிட்டு, உடனே கூசிப்போகிறோம். இந்தக் கூச்சத்தை உரைநடையில் உண்டாக்க எத்தனை பக்கங்கள் வேண்டியிருக்குமோ, அப்போதும் இவ்வளவு கூர்மையாக உண்டாகுமோ என்பது சந்தேகம். ஆனால் மூன்று கதைகளையும் முடிச்சுப்போடும் இறுதிப் பகுதி சற்று அவசரமாகவே நடக்கிறது. வானர ராஜன் வாயால் நீதியும் கேட்க நேர்கிறது. புராணத்தைத் தொட்டால் உபதேசம் ஒட்டிக்கொள்ளும் போலும்.

வெற்றி வந்தால் வியாபாரம் வராமலிருக்குமா? 2005-இலேயே ஸ்கொலாஸ்டிக் பிரசுராலயத்தார் ‘கிராஃபிக்ஸ்’ என்ற தனிப் பிரிவைத் தொடங்கியிருந்தார்கள். ரெய்னா டெல்ஜ்மையர் தம் பல் உடைந்த கதையைச் சொன்ன ‘ஸ்மைல்’ (2010) அங்கிருந்து வந்து அமோகமாக விற்றது. அந்நூல் இனிமையானது, குறை சொல்ல மனம் வராது. அதன் சாயலில் பிறகு பெருகிய சுயசரிதைகளைப் பற்றி அப்படிச் சொல்வதற்கில்லை. எல்லாரும் ஒரே உருண்டை முகத்தோடு, ஒரே அகலக் கண்ணோடு, உணர்ச்சியின் பெயரை வாய்விட்டுச் சொல்லிக்கொண்டு நடமாடுகிறார்கள். படம் காட்டியதையே வசனமும் திருப்பிச் சொல்லுமானால், உரைநடை நாவலின் நோய் மருந்தகத்துக்குள்ளேயே புகுந்துவிட்டதென்றுதான் கொள்ள வேண்டும். புகழ்பெற்ற நாவல்களைச் சித்திரமாக மாற்றும் முயற்சிகளிலும் இதே தோஷம் மிகுதி. விதிவிலக்கு உண்டு: பலாத்காரத்துக்குப் பின் பேச்சடங்கிப்போன மெலிண்டாவைப் பற்றிய லாரி ஹால்ஸ் ஆண்டர்சனின் ‘ஸ்பீக்’ (1999), 2018-இல் எமிலி கரோல் சித்திரங்களோடு வந்தபோது, சித்திர வகுப்பில் அவள் திரும்பத் திரும்ப வரைந்து தோற்கும் மரம், சொல்லாக இருந்ததைவிடப் பன்மடங்கு வலிமை பெற்றது. வாய் திறவாதவளின் கதைக்கு மௌனமான பக்கம் கிடைத்தது பொருத்தமே.

கொள்கைக்காக எழுதப்பட்ட நூல்களை இந்த அளவுகோலால் மட்டும் அளப்பது தகாது. கறுப்பினத்தாரின் உரிமைப் போராட்டத் தலைவர் ஜான் லூயிஸ், ஆண்ட்ரூ ஐடினோடு சேர்ந்து எழுதி, நேட் பவல் வரைந்த ‘மார்ச்’ என்ற மூன்று பாகங்களில், கூட்டங்களும் பெயர்களும் தீர்மானங்களும் நெருக்கியடித்துக்கொண்டு வருகின்றன. சில பக்கங்கள் படம் போட்ட நடவடிக்கைக் குறிப்புகளாகவே நின்றுவிடுகின்றன. ஆனால் 1965 மார்ச் 7 அன்று செல்மா பாலத்தில் உரிமை ஊர்வலத்தார்மேல் விழுந்த அடிகளைப் பவலின் கறுப்பு மை கொண்டுவரும்போது அக்குறை மறைகிறது. மூன்றாம் பாகம் 2016-இல் தேசியப் புத்தக விருது பெற்ற மேடையில், பதினாறு வயதில் தாம் நூலக அட்டை கேட்கப்போய், நூலகம் வெள்ளையருக்கு மட்டுமே என்று திருப்பி அனுப்பப்பட்டதை லூயிஸ் நினைவுகூர்ந்தார்.

நூலகம் என்றதும் இன்னொன்றைச் சொல்ல வேண்டும். சித்திரத்தின் வலிமையே அதற்குப் பகையாகவும் ஆகியிருக்கிறது. நானூறு பக்க நாவலைத் தடை செய்யக் கோருகிறவன் சில வாக்கியங்களையாவது தேடிப் படிக்க வேண்டும். சித்திர நாவலுக்கு ஒரு கட்டத்தைப் படம் பிடித்துக் காட்டினால் போதும். குழந்தைகளின் படப்புத்தகங்களுக்கான கால்டிகாட் கௌரவம் ‘திஸ் ஒன் ஸம்மர்’ நூலுக்குக் கிடைக்க, அது சிறு குழந்தைகளின் அலமாரிக்கும் போய்ச் சேர்ந்து, 2016-இல் அமெரிக்க நூலகங்களில் அதிகமாக ஆட்சேபிக்கப்பட்ட புத்தகமென்ற பெயரை வாங்கியது. 2022 ஜனவரியில் டென்னஸி மாநிலத்தின் மெக்மின் மாவட்டப் பள்ளி நிர்வாகக் குழு, யூதர்களின் படுகொலையைச் சொல்லும் ஸ்பீகல்மனின் ‘மவுஸ்’ நூலைச் சில வசைச்சொற்களுக்காகவும் ஓர் ஆடையற்ற உருவத்துக்காகவும் எட்டாம் வகுப்புப் பாடத்திலிருந்து நீக்கியது. ஆட்சேபிக்கிறவர்கள் எல்லாரும் மூடர்களென்று நான் கருதவில்லை; பன்னிரண்டு வயதுக்கும் பதினேழு வயதுக்கும் ஒரே அலமாரி என்ற ஏற்பாடு விற்பனைக்குச் சௌகரியமானது, வாசிப்புக்கு அவ்வளவு சௌகரியமானதல்ல. ஆனால் ஒரு கட்டத்தை அதன் முன்பின் கட்டங்களிலிருந்து பெயர்த்தெடுத்துத் தீர்ப்புக் கூறுகிறவர் சித்திர நாவலை வாசிக்கவேயில்லை.

நம் நாட்டில் இந்தச் சண்டைகள் இல்லாததற்குக் காரணம் நம் தாராள மனம் அல்ல. இந்நூல்களே இங்கு அரிது என்பதுதான். 1972-இல் இரும்புக்கை மாயாவியோடு புறப்பட்ட முத்து காமிக்ஸின் பரம்பரையில் சாகசக் கதைகள் இன்றும் மொழிபெயர்ந்து வருகின்றன. மர்ஜான் சத்ரபியின் ‘பெர்ஸெபோலிஸ்’ தமிழில் வந்ததும் உண்டு. இளம்பருவத்தின் அந்தரங்கத்தைச் சொல்லும் சித்திர நாவல்களைத் தமிழில் கொண்டுவர முனைகிறவர், முதலில் விற்பனைப் பட்டியலை மூடிவைத்துவிட்டு, பேச்சுக்குமிழ்களின் அளவைப் பார்ப்பது நலம். ஆங்கிலத்தில் மூன்று சிறு சொற்களுக்காக வரைந்த குமிழுக்குள் நம் நீண்ட வினைமுற்றுகளை அடக்கப்போனால், எழுத்து எறும்பாகும், அல்லது வசனம் உயிரிழக்கும். அந்தக் கணக்கில் பார்த்தாலும், சம்பாஷணை குறைந்து, பக்கம் பக்கமாக நீரும் மரங்களும் நடக்கும் கால்களுமாக விரியும் டமாகி சகோதரிகளின் நூலுக்கே என் முதல் ஓட்டு. அதன் மொழிபெயர்ப்பாளருக்கு வேலை குறைவு; ரோஸின் அந்தக் குரூரமான ஒற்றைச் சொல்லுக்குத் தமிழில் எதைப் போடுவது என்பதை மட்டும் அவர் அஞ்சாமல் தீர்மானிக்க வேண்டியிருக்கும்.