மேஜை மேல் நிலவறை

'டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' என்றதும் கம்ப்யூட்டர் கேம் என்று நினைப்பவர்கள் நிறைய. இல்லை. 1974-ல் அமெரிக்காவின் விஸ்கான்ஸின் மாநிலத்தில், லேக் ஜெனீவா என்ற சிற்றூரிலிருந்து மூன்று குட்டிப் புத்தகங்களாகப் பெட்டியில் வந்தது. எழுதியவர்கள் கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னஸன். நாலைந்து பேர் மேஜையைச் சுற்றி உட்காரவேண்டும். ஒருவர் நடுவர். 'கதவு திறக்கிறது, உள்ளே ஈர வாடை' என்பார் அவர். 'பந்தத்தைத் தூக்கிப் பார்க்கிறேன்' என்பீர்கள் நீங்கள். சண்டை வந்தால் பகடை. மற்றதெல்லாம் பேச்சுதான்.

இதில் இப்போது புரொஜக்டர் புகுந்திருக்கிறது. அமெரிக்காவில் ஒரு நண்பர் வீட்டில் பார்த்தேன். மேலே கூரையிலிருந்து மேஜையைப் பார்த்துக் கவிழ்த்த புரொஜக்டர், மேஜையில் வெள்ளை அட்டை. அதில் பழைய சத்திரம் ஒன்றும் அதன் நிலவறையும் முழுக்கலரில் விழுகின்றன. ஒரு அங்குலச் சதுரம் ஆட்டக் கணக்கில் ஐந்தடி. பிள்ளைகள் பொம்மை வீரர்களை நகர்த்த நகர்த்த, நடுவர் மவுஸால் இருட்டைத் துடைத்துக்கொண்டே போகிறார். சுவரில் தீப்பந்தம் அசைகிறது, சார்! பத்து நிமிஷம் வாயைப் பிளந்து பார்த்தேன்.

பதினோராவது நிமிஷம் ஒரு பையன் கையை நீட்டினான். பாதி அறை அவன் நிழலில் காணாமல் போயிற்று. பொம்மையின் வழுக்கைத் தலையில் தரை ஓடு தெரிந்தது. கணக்குப் போட்டுப் பார்த்தேன். குறுக்கே 1024 புள்ளி உள்ள புரொஜக்டரை நாலடி அகலத்துக்கு விரித்தால் அங்குலத்துக்கு 21 புள்ளிதான். 1920 புள்ளி என்றாலும் 40. செய்தித்தாள் போட்டோவே தேவலை. இதற்கெல்லாம் வைத்தியம் இருக்கிறது. டி.வி.யையே மேஜையில் மல்லாக்கப் படுக்கவைத்து நிழலை ஒழித்துவிட்டவர்கள் உண்டு.

வைத்தியம் இல்லாத கோளாறு வேறு. அந்த 1974 பெட்டியின் மூன்றாவது புத்தகம், நிலவறை அமைப்பவருக்குச் சில திருட்டு வேலைகள் சொல்லித்தருகிறது. கண்ணுக்குத் தெரியாமல் சரிந்து அடுத்த தளத்துக்கு இறக்கிவிடும் பாதை, ஆளோடு கீழே போகும் அறை, இப்படி. ஏமாற்றவேண்டியது யாரை? மேப் போடுகிறவரை! அப்போதெல்லாம் நடுவர் வாயால் 'கிழக்கே அறுபதடி, அப்புறம் வடக்கே' என்று சொல்ல, ஆட்டக்காரர்களில் ஒருவர் கிராஃப் தாளில் கோடு போடுவார். காதில் தப்பாக விழுந்தால் வழி தப்பும். தப்பான மேப்பும் ஆட்டத்தில் சேர்த்தி. கைகாக்ஸ் ஃபைல் பீரோ மறைவில் உட்கார்ந்து நடத்துவார், குரல் மட்டும்தான் கேட்கும் என்று அவரோடு ஆடியவர்கள் சொல்லியிருக்கிறார்கள்.

புரொஜக்டரில் யார் தொலைந்துபோவது? நடுவர் படத்தை மாற்றும்போதே குட்டு உடைந்துவிடுகிறது. இன்னொன்றையும் அன்று பார்த்தேன். அந்தப் பையன், 'ஜன்னல் வழியே குதித்துப் பக்கத்துச் சந்தில் ஓடுகிறேன்' என்றான். அருமையான யோசனை. நடுவர் லேப்டாப்பைப் பார்த்தார். 'அந்தப் பக்கம் மேப் இல்லையேப்பா' என்றார். பையன் சரியென்று மாடிப்படிக்கே போய்விட்டான். எனக்குச் சுரீர் என்றது. என்ன வேண்டுமானாலும் செய்யலாம் என்பதற்காகத்தானே இந்த விளையாட்டு? அதற்குக் கம்ப்யூட்டர் கேமே போதுமே!

முற்றிலும் வேண்டாம் என்று சொல்லவில்லை. இருபது பூதங்களோடு சண்டை என்றால் யார் எங்கே நிற்கிறார் என்று அடித்துக்கொள்ளாமல் இருக்க உதவும். போடுங்கள். சண்டை முடிந்ததும் அணைத்துவிட்டு, கடைக்குட்டியிடம் கிராஃப் தாளையும் பென்சிலையும் கொடுங்கள்.

சாப்பிட எழுந்தபோது பையன் நடுவரை விடவில்லை. 'அந்தச் சந்துல என்ன இருந்தது?' என்று கேட்டுக்கொண்டே பின்னால் போனான். அவர் தட்டைக் கையில் வைத்துக்கொண்டு, குரலைத் தாழ்த்தி ஏதோ சொல்ல ஆரம்பித்தார். நானும் கொஞ்சம் கிட்டே போய் நின்றேன்.